டர்போ வண்டியில் நாக்கிங் வராமல் டைமிங் வைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் போனால் தெருவுக்கு ஒரு வாசலிலாவது பானெட் திறந்த கோல்ஃப் கார் நிற்கும். சிட்டி கோல்ஃபில் 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ எஞ்சினை இறக்கி, கூடவே தனி ஈசியூ, அதாவது எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி ஒன்றையும் மாட்டியிருப்பார்கள். பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றை உள்ளே நெருக்கும் அழுத்தத்தை, ஏற்றுவது அரை மணி நேர வேலை. அந்தப் பூஸ்ட்டுக்கு ஏற்ற இக்னிஷன் டைமிங் வைப்பதில்தான் பிஸ்டனின் ஆயுள் இருக்கிறது. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக, எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்று வரிசையாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு அந்த 1.8 டர்போவையே வைத்துக்கொள்வோம். வேறு எஞ்சின் என்றால் எண்கள் மாறும், வேலையின் வரிசை மாறாது.

உள்ளே நடப்பது என்ன

சிலிண்டருக்குள் இருக்கும் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை மொத்தமாக ஒரே அடியில் வெடிப்பதில்லை. பிளக்கில் பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவிக்கொண்டே போகிறது. அது ஓரத்தைத் தொடுவதற்குள், அங்கே மிச்சமிருக்கும் கலவையைப் பிஸ்டன் ஒரு பக்கமும் பரவும் தீ மறுபக்கமும் நெருக்குகின்றன. நெருக்க நெருக்கச் சூடு ஏறும். அந்தச் சூடு எல்லை தாண்டினால், தீ வந்து தொடும் முன்பே மிச்சக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது கிளம்பும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதுவதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்கியதுபோல் கேட்கும். ஒன்றிரண்டு முறை வந்தால் எஞ்சின் தாங்கும். முழுப் பூஸ்ட்டில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் விளிம்பு அரிக்கும், ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் வரப்பு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

டைமிங் என்பது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு, கிராங்க் எனும் சுழல்தண்டின் சுற்றில் எத்தனை டிகிரி முன்னால் பொறி விடுகிறோம் என்ற கணக்கு. சிலிண்டர் அழுத்தம் அதன் உச்சத்தை எட்ட வேண்டிய இடம், பிஸ்டன் மேலே போய்த் திரும்பி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கிய இடம். அங்கேதான் கிராங்குக்கு நல்ல தள்ளு கிடைக்கும். தீ பரவ நேரம் பிடிப்பதால் பொறியை முன்கூட்டியே விடுகிறோம். 1000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லிசெகண்டில் கிராங்க் 6 டிகிரி திரும்பும், 6000 ஆர்பிஎம்மில் 36 டிகிரி திரும்பும். வேகம் ஏறும்போது அட்வான்ஸ் கூட்டுவது, அதாவது பொறியை இன்னும் முன்னால் விடுவது, இதனால்தான். பூஸ்ட் ஏறினால் கதை எதிர்ப்பக்கம்: கலவை அடர்த்தியாகி வேகமாக எரிகிறது, ஓரத்தில் சூடும் கூடுகிறது. அதனால் டைமிங்கைக் குறைக்க வேண்டும், அதாவது ரிடார்ட் செய்ய வேண்டும்.

பம்ப் பெட்ரோலில் ஓடும் டர்போ எஞ்சினில், முழு டார்க் (திருகு விசை) தரும் டைமிங்கை எட்டும் முன்பே பெரும்பாலும் நாக்கிங் குறுக்கே வந்துவிடும். அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடித்து, அதற்கு இரண்டு மூன்று டிகிரி இந்தப் பக்கமே நிற்பதுதான் நம் வேலை. பயந்து 10 டிகிரி இந்தப் பக்கம் நின்றாலும் ஆபத்துதான். பொறி தாமதமானால் எரிதல் முடியாத வாயு எக்ஸாஸ்டில் போய் எரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சிவக்கும், டர்போவின் டர்பைன் வெந்துபோகும். எக்ஸாஸ்ட் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தங்குகிறது என்றால், கலவையோடு சேர்த்து அளவுக்கு மீறிய ரிடார்ட்டையும் சந்தேகப்படுங்கள்.

இடையில் ஒன்று. புதிய நேரடி இன்ஜெக்ஷன் டர்போ வண்டிகளில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது உண்டு. அது வேறு நோய். பொறி விழும் முன்பே தீ பிடித்துவிடுவதால் டைமிங்கைக் குறைத்துப் பயனில்லை. ஏபிஐ எஸ்பி தர ஆயில் ஊற்றுவதும், 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே பெரிய கியரில் முழுதாக மிதிக்காமல் இருப்பதும்தான் வழி.

லேப்டாப்பைத் திறக்கும் முன்

கம்ப்ரெஷன் பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால் டியூனிங்கை மறந்துவிட்டு எஞ்சினைக் கவனியுங்கள். அடுத்து இன்டேக் குழாய்களில் காற்றடித்துக் கசிவு பாருங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஹோஸ் கிளிப்பில் கசியும் காற்றை ஈடுகட்ட டர்போ அதிகமாகச் சுற்றும், காற்று தேவைக்கு மேல் சூடாகும், கடைசியில் பழி டைமிங் மேல் விழும்.

பிளக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பூஸ்ட் கூட்டிய எஞ்சினுக்கு ஒரு படி குளிர்ந்த, அதாவது சூட்டை வேகமாகக் கடத்திவிடும் பிளக் போடுங்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி, 6 இருந்த இடத்தில் 7. பாஷ் பிளக்கில் இது தலைகீழ், எண் குறையக் குறையக் குளிர்ச்சி. இதைக் கவனிக்காமல் வாங்கி வருபவர்கள் நிறைய. இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை. அதிகமாக வைத்தால் பூஸ்ட்டில் பொறி அணைந்து எஞ்சின் விக்கும்.

எரிபொருள் கடைசியாக, ஆனால் டைமிங்குக்குக் கண்டிப்பாக முன்னால். முழுப் பூஸ்ட்டில், எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் லாம்டா 0.80 சுற்றி, அதாவது காற்று எரிபொருள் விகிதம் 11.7 அளவில் காட்ட வேண்டும். இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருந்தால் பெரிய இன்ஜெக்டர் வாங்குங்கள். கலவை ஒழுங்காகாமல் டைமிங்கைத் தொட்டால், கேட்கும் சத்தம் எதனால் என்றே தெரியாது.

திரையில் 10 என்றால் கிராங்கிலும் 10 இருக்க வேண்டும்

புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இது. ஈசியூ திரையில் 10 டிகிரி என்று காட்டும், கிராங்கில் 16 இருக்கும். கிராங்கின் நிலையைச் சென்சாருக்குக் காட்டும் டிரிகர் வீலின் பற்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று நாம் சொன்னதைத்தான் ஈசியூ நம்புகிறது. ஸ்பிட்ரானிக்ஸ், டிக்டேட்டர் போன்ற உள்ளூர் ஈசியூவோ வெளிநாட்டுப் பெட்டியோ, எதுவாக இருந்தாலும் இதைச் சரிபார்க்காமல் ஒரு எண்ணையும் நம்பாதீர்கள்.

முதலில் உச்சி எது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். கிராங்க் புல்லியில் இருக்கும் கோட்டை நம்ப முடியாது. புல்லிக்கு நடுவே ரப்பர் இருந்தால், வயதானபின் வெளி வளையம் நழுவியிருக்கலாம். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகுங்கள். நீள போல்ட்டின் நுனியை உருட்டையாகத் தேய்த்து நாமே செய்துகொள்ளலாம். கிராங்கைக் கையால், ஸ்பேனர் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். பிஸ்டன் ஸ்டாப்பரில் முட்டி நின்றதும், எஞ்சினில் அசையாத ஒரு குறிக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடுவே இருப்பதுதான் உண்மையான உச்சி. அதில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வையுங்கள். ஸ்டார்ட்டரைப் போட்டுச் சுற்றாதீர்கள், பிஸ்டன் மண்டையில் ஓட்டை விழும்.

இப்போது ஈசியூவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். பெரும்பாலான தனி ஈசியூக்களில் இந்த வசதி இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் புல்லி மேல் அடியுங்கள். 1.8 டர்போவில் காயில் பிளக்கின் மேலேயே உட்காருவதால் கவ்வி மாட்ட வயர் இருக்காது. முதல் காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு குட்டை பிளக் வயரைச் செருகி, அதில் கவ்வியை மாட்டுங்கள். லைட்டில் டிகிரி திருகும் டயல் இருந்தால் பூஜ்ஜியத்தில் வையுங்கள். வீணான பொறியும் விடும் அமைப்பு என்றால் சில லைட்டுகள் இரட்டிப்பாகக் காட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சிக் கோடு அந்த அசையாத குறிக்கு 10 டிகிரி முன்னால் நிற்கவில்லை என்றால் ஈசியூவில் டிரிகர் கோணத்தை மாற்றி நிறுத்துங்கள். அப்புறம் 4000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றிக் கோட்டையே பாருங்கள். அது அசையக் கூடாது. ஆர்பிஎம் ஏற ஏற நகர்ந்தால், சென்சாரின் தாமதத்தை ஈசியூ ஈடுகட்டவில்லை என்று பொருள். அந்தத் தாமத அளவைத் திருத்தி, கோடு சிலைபோல் நிற்கும்வரை விடாதீர்கள். நின்றபின் பூட்டை எடுக்க மறக்காதீர்கள்.

நாக்கிங்கைக் கேட்கக் காது வேண்டும்

வண்டியை நிறுத்திவைத்தே ஓடவிட்டு டார்க் அளக்கும் டைனோவில் ஃபேனும் எக்ஸாஸ்டும் போடும் சத்தத்தில் வெறும் காதுக்கு நாக்கிங் கேட்காது. கேட்கும் அளவுக்கு வந்தபோது காலம் கடந்திருக்கும். விலை மலிவான வழி ஒன்று உண்டு. கையளவு நீளத்தில் மெல்லிய செப்புக் குழாய் எடுத்து, ஒரு முனையைச் சுத்தியலால் தட்டையாக்கி ஓட்டை போடுங்கள். அந்த முனையை எஞ்சின் பிளாக்கில், இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு அருகே ஒரு போல்ட்டில் இறுக்குங்கள். மறுமுனையில் ரப்பர் ஹோஸ் செருகி, சத்தம் தடுக்கும் காதுமூடியின் உள்ளே கொண்டுவாருங்கள். அவ்வளவுதான். வால்வு, இன்ஜெக்டர் சத்தமெல்லாம் ஒரே தாளத்தில் ஓடும். நாக்கிங் வந்தால் அதன் மேல் காய்ந்த குச்சி முறிவது மாதிரி தனியாக ஒடியும். முதலில் பூஸ்ட் இல்லாமல் ஐந்து நிமிடம் கேட்டு, உங்கள் எஞ்சினின் சாதாரணச் சத்தத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் வழியில் போவதென்றால் நாக் சென்சாரை வெறும் உலோகத்தின் மேல் வையுங்கள். பெயின்டோ வாஷரோ நடுவில் கூடாது. 20 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். கூடினாலும் குறைந்தாலும் சென்சாரின் காது மந்தமாகும். எந்த அதிர்வெண்ணைக் கேட்க வேண்டும் என்று ஈசியூ கேட்கும்போது, 573ஐச் சிலிண்டர் விட்டத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் வரும். 1.8 டர்போவின் விட்டம் 81 மில்லிமீட்டர், ஆக ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸ். அங்கே வால்வு இரைச்சல் அதிகமாக இருந்தால் அதன் இரட்டிப்பில், 14ல் கேட்டுப் பாருங்கள்.

தொடக்க எண்கள்

மேப் என்பது ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தம் உள்ள டைமிங் கட்டங்கள். கடல் மட்டத்தில், பூஸ்ட் இல்லாத 100 கிலோபாஸ்கல் வரிசையில் 4000 ஆர்பிஎம்மில் 22 டிகிரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைவிதி என்னவென்றால், ஒரு பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி கழிப்பது. 0.8 பார் என்றால் கிட்டத்தட்ட 12 பிஎஸ்ஐ, ஆக 180 கிலோபாஸ்கல் வரிசையில் 10 டிகிரி. இது முடிவு எண் இல்லை, பயமில்லாமல் தொடங்கும் எண். 3000லிருந்து 4000 வரை, டார்க் உச்சத்தை எட்டும் இடத்தில்தான் சிலிண்டர் நன்றாக நிரம்பும், தீ பரவும் நேரமும் அதிகம். நாக்கிங்குக்குப் பிடித்த இடம் அது. அங்கே 8 முதல் 10 வரை வைத்து, 5000ல் 12, 6000ல் 15 என்று ஏற்றுங்கள். கட்டத்துக்குக் கட்டம் வழுவழுப்பாக இருக்கட்டும். ஒரு கட்டம் 10, பக்கத்துக் கட்டம் 18 என்று இருந்தால், நடுவே ஈசியூ தானாக ஊகிக்கும் எண் உங்களைக் கவிழ்க்கும்.

டைனோவில்

தெருவில் இந்த வேலை வேண்டாம். போலீஸ் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், சாலையைப் பார்ப்பதா திரையைப் பார்ப்பதா? டைனோ வாடகை ஒரு பிஸ்டன் செட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். முதல் ஓட்டம், பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் தரும் குறைந்தபட்ச பூஸ்ட்டிலேயே இருக்கட்டும். கலவை சரி, காதில் ஒன்றும் இல்லை என்றால் முழுப் பூஸ்ட்டில் ஓடவிட்டு, அதிலும் அப்படியே என்றால் அந்த வரிசையில் ஒரு டிகிரி கூட்டுங்கள். மறுபடி ஓடவிட்டு டார்க் கோட்டைப் பழைய கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஏறியிருந்தால் இன்னொரு டிகிரி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே இன்டேக் காற்றின் வெப்பம் பழைய நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். 35 டிகிரியில் ஓடியதையும் 55 டிகிரியில் ஓடியதையும் ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

நிறுத்த வேண்டிய நேரம் இரண்டு. டிகிரி கூட்டியும் டார்க் அசையவில்லை என்றால், நாக்கிங் கேட்காவிட்டாலும் கூட்டுவதை நிறுத்திக் கடைசியாக ஏற்றியதைத் திரும்ப எடுத்துவிடுங்கள். லாபமில்லாத அட்வான்ஸ் எஞ்சினுக்குச் சுமை மட்டுமே. மற்றொன்று, காதில் அந்த ஒடியும் சத்தம் விழுந்தாலோ ஈசியூ காட்டினாலோ அந்த நொடியே காலை எடுங்கள். ஓட்டத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். எந்த ஆர்பிஎம், எந்த அழுத்தம் என்று லாகில் பார்த்து, அந்தக் கட்டத்திலும் சுற்றியுள்ள கட்டங்களிலும் 3 டிகிரி குறையுங்கள்.

நாக் கன்ட்ரோல் இருக்கும் ஈசியூவில், நாக்கிங் வந்ததும் 2 அல்லது 3 டிகிரி சட்டென்று இறக்கி, மெதுவாகத் திரும்ப ஏற்றும்படி அமையுங்கள். ஆனால் இது அவசரத்துக்கு மட்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அது வேலை செய்கிறது என்றால் மேப் தப்பு.

சூட்டுக்குத் திருத்தம்

பிப்ரவரி மதியத்தில் டர்பன் ரோபோட்டுகளில் (டிராஃபிக் சிக்னல்களில்) நின்று நின்று போகும் வண்டியில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஊறிச் சூடாகிவிடும். பச்சை விழுந்ததும் மிதித்தால் 60 டிகிரி காற்று உள்ளே போகும். அதற்கான அட்டவணை ஈசியூவில் இருக்கிறது. காற்றின் வெப்பம் 40 டிகிரி வரை டைமிங்கில் ஒன்றும் கழிக்காமல், 50ல் 2, 60ல் 4, 70ல் 6 டிகிரி கழிப்பது என்று தொடங்கலாம். சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். சூடான மேனிஃபோல்டில் திருகியிருந்தால் காற்றின் வெப்பத்துக்குப் பதில் உலோகத்தின் வெப்பத்தைச் சொல்லும். கூலன்ட் வெப்பம் 100ஐத் தாண்டினாலும் டைமிங் 2, 3 டிகிரி குறையும்படி போட்டுவையுங்கள்.

ஜோபர்க் மேப்பும் டர்பன் மேப்பும்

“அண்ணே, லெனேசியாவில இருந்து மாமா பையன் அவன் மேப்பை அனுப்பியிருக்கான். அதே எஞ்சின், அதே டர்போ, அதே 0.8 பார். அப்படியே போட்டுக்கலாமா?” என்று தம்பிகள் கேட்பது வழக்கம். லெனேசியா ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிறது. கூடாது. எஞ்சின் ஒன்றானாலும் ஊரின் காற்று ஒன்றல்ல.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவில்தான், டர்பனில் 101. பூஸ்ட் கேஜ் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்று மட்டும் காட்டும். ஆக அங்கே 0.8 பார் என்றால் சிலிண்டருக்குப் போவது 163 கிலோபாஸ்கல், இங்கே 181. கேஜில் முள் ஒரே இடத்தில் நிற்கும், எஞ்சின் வாங்கும் காற்று பத்தில் ஒரு பங்கு கூடுதல். குட் ஃப்ரைடேக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலுக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் என்-3 நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு இறங்கி வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே அமைதியாக ஓடிய வண்டி இங்கே வந்து ஒடியும் சத்தம் போட்டால், மேப்பில் 180 வரிசையை யாரும் டியூன் செய்யவில்லை என்று அர்த்தம். லெனேசியா டைனோ அந்த வரிசைக்குப் போயே இருக்காது. ஜோபர்க் வண்டிக்காரர்கள் 170, 180, 190 வரிசைகளில் குறைந்த எண்களை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள்.

டர்பன் வண்டியை மேலே கொண்டுபோகும்போது சிக்கல் வேறு மாதிரி. ஈசியூ மொத்த அழுத்தத்தைப் பார்த்து 181ஐப் பிடிக்க முயலும் அமைப்பாக இருந்தால், மெல்லிய காற்றை டர்போ 1.8 மடங்குக்குப் பதில் 2.2 மடங்கு நெருக்க வேண்டும். 25 டிகிரி காற்றை எடுத்துக்கொண்டு, டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வெளிவரும் காற்று இங்கே 100 டிகிரி சுற்றி, அங்கே 130 சுற்றி இருக்கும். இன்டர்கூலர் சிறியதென்றால் அந்தச் சூட்டில் பாதி உள்ளே போகும். மேலே போனால் பூஸ்ட் இலக்கைக் கொஞ்சம் குறைத்துவிடுவது நல்லது.

பெட்ரோலும் ஊருக்கு ஊர் மாறும். கடற்கரையில் 95 ஆக்டேன், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹவுடெங் மாகாணத்தில் 93ம் 95ம். மேட்டு நிலத்தில் 93 போதும் என்று எல்லோரும் சொல்வது டர்போ இல்லாத வண்டிக்குச் சரி, காற்று மெல்லியதாக இருப்பதால் நாக்கிங் தானாகக் குறையும். டர்போ அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது, அதனால் நமக்கு எங்கே போனாலும் 95தான். கடையில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலில் ‘10 பாயின்ட்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது ஒரே ஒரு ஆக்டேன். 93ஐ 103 ஆக்கும் என்று நம்பி டைமிங் ஏற்றாதீர்கள். டாங்கில் பாதி 93 மிச்சமிருக்க மேலே 95 ஊற்றினால் 94தான் கிடைக்கும். அந்த டாங்க் தீரும்வரை 2 டிகிரி குறைந்த இரண்டாம் மேப்புக்கு ஸ்விட்ச் போட்டுக்கொள்ளுங்கள். மேப் மாற்றும் ஸ்விட்ச் பல ஈசியூக்களில் உண்டு, வயர் இழுப்பதுதான் பாக்கி.

முதல் டாங்க் தீர்ந்ததும்

நான்கு பிளக்கையும் கழற்றி வெயிலில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் காதுக்குத் தப்பிய நாக்கிங் நடந்திருக்கிறது, முழுப் பூஸ்ட் வரிசையில் 2 டிகிரி எடுங்கள். மினுங்கும் வெள்ளிப் பொட்டு இருந்தால் அது பிஸ்டனிலிருந்து கிளம்பிய அலுமினியம். வண்டியை அங்கேயே நிறுத்தி, கம்ப்ரெஷன் மீட்டரை மறுபடி மாட்டுங்கள்.